கிராபிக் டிசைனும் வெட்டும் மெஷினும்: பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகத்தில் பதினோரு வருஷம் டிசைனராக இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் 9ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு கிராபிக் டிசைன் சொல்லித் தருகிறேன். வரைவது கம்ப்யூட்டரில், முடிவது ஸ்டிக்கர் கட்டரிலோ லேசரிலோ. பிள்ளைகள், பெற்றோர், மற்ற பள்ளி ஆசிரியர்கள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன்னா என்ன மிஸ்? பேரே வாயில நுழையல.

கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டை மெஷின் பின்பற்றி ஒரு பொருளை வெட்டினாலோ, செதுக்கினாலோ, அடுக்கடுக்காக வார்த்தாலோ அதற்கு இந்தப் பெயர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியம் ஸ்டிக்கர் கடை பார்த்திருப்பீர்கள். பைக்கில் ஒட்ட அம்மா பெயரை வெட்டித் தருகிற அந்த மெஷினும் இதில் சேர்த்திதான். லேசர் கட்டிங், 3டி பிரிண்டர் எல்லாம் அதன் பங்காளிகள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998ல் ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்ற பொருளில் ஒரு வகுப்பு தொடங்கினார். அதிலிருந்துதான் ஃபேப் லேப் என்ற பட்டறைகள் கிளைத்தன. எம்ஐடிக்கு வெளியே அமைந்த முதல் பட்டறைகளில் ஒன்று நம் நாட்டில்தான், புனேவை அடுத்த பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமம் என்ற பள்ளியில், 2002ல் வந்தது.

டிசைன் கம்ப்யூட்டர்ல முடியற வேலைதானே? அதுக்கு எதுக்கு மெஷின்?

கம்ப்யூட்டர் திரை எதையும் மன்னித்துவிடும். எழுத்து மெலிந்திருந்தால் ஒரு நிழல், நிறம் எடுபடாவிட்டால் ஒரு கிரேடியன்ட், அதுவும் போதாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அறிவியல் கண்காட்சிக்கு ஏழு ஃபான்ட் போட்டு, ஏழுக்கும் நிழல் கொடுத்து ஒரு போஸ்டர் கொண்டுவந்தான் ஒரு பையன். ‘எழுத்துக்கு நடுவே மூச்சு விட இடம் வேண்டும்’ என்று போர்டில் வரைந்து சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் அதே தலைப்பை ஸ்டிக்கரில் வெட்டினோம். நிழலை வெட்ட முடியாது, போய்விட்டது. நெருக்கி வைத்த எழுத்துகளுக்கு நடுவில் ஊசி நுழையவில்லை. தேவையில்லாத பகுதியை உரிக்கும்போது பக்கத்து எழுத்தும் கூடவே எழுந்து வந்தது. மெல்லிய ஃபான்ட் சுருண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் போராடிவிட்டு, ‘மிஸ், கேப் கொஞ்சம் அதிகமா விடலாமா?’ என்று அவனே கேட்டான். நான் மெஷின் வைத்துப் பாடம் நடத்துவது அந்தக் கேள்விக்காகத்தான். மெஷின் ஓட்டுவது தனியாக ஒரு தொழில், அது என் பாடம் இல்லை.

எங்க ஸ்கூல்ல ஒரு மெஷினும் கிடையாது. அப்போ இதெல்லாம் பேசி என்ன பிரயோஜனம்?

என் முதல் வருஷம் முழுக்க மெஷின் இல்லாமல்தான் ஓடியது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம், கட்டர் கத்தி, இரும்பு ஸ்கேல், அடியில் வைக்க ஒரு கனமான அட்டை. வரைந்ததை ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து ஃபிலிம் மேல் ஒட்டிக் கையால் வெட்டினால் ஸ்டென்சில் தயார். ஸ்பாஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றினால் மஞ்சப்பையில் எழுத்து விழும்.

கடைசிப் படிக்கு ரேடியம் கடைக்குப் போங்கள். எட்டுப் பிள்ளைகளின் டிசைனை ஒரே ஷீட்டில் அடுக்கிக் கொடுத்தால் செலவு பங்காகிவிடும். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ‘இவ்வளவு பொடியா வெச்சா யாரும்மா உரிக்கறது?’ என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் என் ஒரு மாதப் பாடத்துக்குச் சமம்.

வாங்கப் பணம் இருக்கு. முதல்ல எதை வாங்கறது, லேசரா 3டி பிரிண்டரா?

இரண்டும் இல்லை, ஸ்டிக்கர் கட்டர். புகை வராது, தீப்பிடிக்காது, சத்தம் குறைவு, வகுப்பறை மேஜையிலேயே வைக்கலாம். ஒரு சொல்லை இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டித் தந்துவிடும் என்பதால் பிள்ளை அன்றைக்கே தப்பைப் பார்த்து அன்றைக்கே திருத்தலாம். லேசர் இரண்டாவது. 3டி பிரிண்டர் கிராபிக் டிசைனுக்கு மூன்றாவது இடம்தான்.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நிதி ஆயோக் 2016ல் தொடங்கிய திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும். லேப் அமைக்க 10 லட்சம், நடத்த 10 லட்சம் என்று ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. அங்கே 3டி பிரிண்டர் இருக்கும், பல பள்ளிகளில் உறை போட்டு.

போட்டோஷாப் நல்லா தெரியும். அது போதாதா?

போதாது. போட்டோஷாப் படத்தைப் புள்ளி புள்ளியாக, அதாவது பிக்சலாக, வைத்திருக்கிறது. கத்திக்குப் புள்ளி புரியாது, அதற்கு வழி வேண்டும்: இங்கே தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி. அந்த வழியை வரைவது வெக்டர் மென்பொருள். இங்க்ஸ்கேப் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், பள்ளிக்கு அது போதும். நம் ஊர்க் கடைகளில் கோரல்தான் ராஜா. ‘கோரல்ல அனுப்புங்க’ என்பார்கள். இங்க்ஸ்கேப்பில் செய்து பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அநேகமாக எல்லாக் கடையிலும் திறக்கும்.

அனுப்புமுன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஃபான்ட் கடைக்காரரிடம் இல்லாதபோது தமிழ் சிதறும். பாமினி மாதிரி பழைய ஃபான்டில் அடித்தது என்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே வரும். மாற்றியபின், நிறம் இல்லாமல் கோடு மட்டும் தெரியும் அவுட்லைன் பார்வையில் ஒருமுறை பாருங்கள். தமிழ் ஃபான்ட் பலவற்றில் எழுத்தும் கொம்பும் கொக்கியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். திரையில் ஒரே கறுப்பாகத் தெரிவதை, கத்தி இரண்டு வடிவமாக நினைத்து நடுவில் குறுக்கே வெட்டிவிடும். யூனியன் கொடுத்து ஒன்றாக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

தமிழ்ல வெட்டினா புள்ளி எல்லாம் கழண்டு விழுது. இங்கிலீஷ்லயே பண்ணிடலாமா?

பண்ணாதீர்கள். இந்தப் பாடத்திலேயே ருசியான இடம் இதுதான்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளிக் குடிநீர்த் தொட்டிக்கு ‘தண்ணீர்’ என்று 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) எழுத்தை வெட்டி ஒட்ட நினைத்தாள். லேசர் நின்றதும் மூடியைத் திறந்தோம். எழுத்தெல்லாம் அழகாக வந்திருந்தது. ண், ர் இரண்டின் புள்ளியும் தேன்கூடு மாதிரி இருக்கும் தட்டின் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டன. ‘தண்ணீர்’ ‘தணணீர’ ஆகிவிட்டது. சரி, எழுத்தை வெட்டி எடுக்காமல் பலகையில் துளைத்து ஸ்டென்சிலாக்கலாம் என்றாள். இப்போது புள்ளி பிழைத்தது, அது வெறும் ஓட்டைதானே. ஆனால் த-வின் வயிறும் ண-வின் சுழிகளும் மொத்தமாகக் கழண்டு விழுந்தன. எழுத்தை வெட்டினால் புள்ளி போகும், துளைத்தால் வயிறு போகும். ட, ப, ர மாதிரி எழுத்துகள் எதற்கும் அசராது.

வீட்டிலிருந்து கோலம் போடும் தகர அச்சைக் கொண்டுவரச் சொன்னேன். பூ இதழுக்கு நடுவில் இருக்கும் வட்டம் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தேடச் சொன்னேன். குறுகலாக ஒரு பாலம், தகரத்திலேயே விட்டது. அரிசி மூட்டையில் மை அடிக்கும் அச்சிலும் அதே பாலம். அன்று முழுக்க அவள் த-வுக்குப் பாலம் எங்கே வைப்பது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் குத்துக்கோடாக வைத்தால் வேறு எழுத்துபோல் தெரிகிறது. மேல்கோட்டில் வைத்தால் த-வாகவே நிற்கிறது. எந்தப் பகுதியை எடுத்தால் எழுத்து அதே எழுத்தாக நிற்கும், எதை எடுத்தால் நிற்காது என்பதுதான் எழுத்துருக் கலையின் அடிப்படைக் கேள்வி. அவள் அதற்கு ஒரு மரத்துண்டில் விடை கண்டுபிடித்தாள்.

புள்ளியைக் காப்பாற்றவும் வழிகள் உண்டு. எழுத்தோடு மெல்லிய காம்பால் இணைக்கலாம், எல்லா எழுத்துக்கும் மேலே ஒரு பட்டை ஓடவிட்டு அதில் புள்ளியைத் தொங்கவிடலாம், அல்லது பின்பலகையில் புள்ளியை மட்டும் செதுக்கலாம். புள்ளியோடு மல்லுக்கு நிற்பது நமக்குப் புதிதும் அல்ல. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. குத்தினால் ஓலை கிழியும் என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எழுதும் பொருள் எழுத்தை மாற்றுகிறது என்பதை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரியாது.

10 செ.மீ. வரைஞ்சு குடுத்தேன், கடையில 13.3 வெட்டிக் குடுத்திருக்காங்க. யார் தப்பு?

யார் தப்பும் இல்லை. எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைலில் அளவு பிக்சலில் இருந்தால், ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 96 என்று கணக்கு வைக்கும், இன்னொன்று 72 என்று வைக்கும். 96ஐ 72ஆல் வகுத்தால் 1.33. உங்கள் 13.3 அங்கிருந்து வந்தது. டிசைனுக்கு ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, ‘இது 100 மி.மீ.’ என்று எழுதிவிடுங்கள். வெட்டும் முன் அதை மட்டும் அளந்தால் போதும்.

லேசர்ல எதை வேணா வெட்டலாமா? ஸ்டிக்கரையே லேசர்ல வெட்டிடலாமே?

கூடவே கூடாது. ஸ்டிக்கர் ஷீட், பிளக்ஸ், ரெக்சின் பெரும்பாலும் பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். என்ன பொருள் என்று தெரியாவிட்டால் வெட்டாதீர்கள். தாள், அட்டை, எம்டிஎஃப், பிளைவுட், அக்ரிலிக், பருத்தித் துணி இவை போதும். பள்ளிகளில் இருக்கும் சிஓ2 லேசர் உலோகத்தை வெட்டாது. மலிவாகக் கிடைக்கும் நீல டயோடு லேசர், தெளிந்த அக்ரிலிக்கை வெட்டாது, ஒளி உள்ளே புகுந்து போய்விடும். மூடி இல்லாத டயோடு லேசரைப் பள்ளிக்குள் விடாதீர்கள், கண் விஷயம்.

ஓடும் லேசரை விட்டு யாரும் நகரக் கூடாது, பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும், புகைக் குழாய் வெளியே போக வேண்டும். டீ குடிக்கப் போனாலும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் போவேன். ஒருமுறை அக்ரிலிக்கில் மெழுகுவத்தி அளவுக்குச் சுடர் நின்றது. நான் பக்கத்தில் இருந்ததால் அது வெறும் கதையாகப் போயிற்று.

எங்ககிட்ட 3டி பிரிண்டர் மட்டும்தான் இருக்கு. கிராபிக் டிசைனுக்கு ஆகுமா?

ஆகும், முத்திரை அச்சு செய்யுங்கள். இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜியை டிங்கர்கேடு என்ற 3டி மென்பொருளில் ஏற்றினால் உயரம் கொடுத்து அச்சுக்கட்டை ஆக்கலாம். பிரிண்டரின் மூக்கு வழக்கமாக 0.4 மி.மீ., அதனால் 0.8க்கு மெலிந்த கோட்டை நம்பாதீர்கள். முதல் தடவை எல்லோரும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறப்பார்கள். மறக்கட்டும். தன் பெயர் இடம் வலமாகத் திரும்பி விழுவதைப் பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

40 பிள்ளைங்க, ஒரே மெஷின், 40 நிமிஷ பீரியட். இது நடக்கிற காரியமா மேடம்?

ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வகுத்துப் பார்த்தால் நடக்காது. நாற்பது பேரும் ஒரே நாளில் மெஷினுக்கு வருவதுதான் சிக்கல், அதனால் வரவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் பென்சிலும் தாளும். மூன்றாவது வாரம் கறுப்புத் தாளைக் கத்தரியால் வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டுவது. அந்தத் தாளை வகுப்பறைக் கடைசிச் சுவரில் ஒட்டி, வாசலிலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்ப்போம். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் என்பது பலகை எழுதுபவர்களின் பழைய கணக்கு. வாசலில் நின்று படிக்க முடியாத டிசைன் மெஷினுக்குப் போகாது. இந்த ஒரு வடிகட்டியிலேயே பாதிப் பேர் திரும்பிப் போய் மாற்றி வரைவார்கள்.

பிறகு நான்கு பேர் கொண்ட குழு. குழுவுக்கு ஒரு டிசைன்தான் வெட்டப்படும். எதை வெட்டுவது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யட்டும், அந்தச் சண்டை நல்ல சண்டை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழு என்றால் பையன் மெஷின் பக்கமும் பெண் ‘கலர் செலக்‌ஷன்’ பக்கமும் தானாக ஒதுங்கிவிடுவார்கள். நான் வேலையைச் சுழற்சி போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவேன்.

எதைக் குடுத்தாலும் கீ செயின்தான் பண்றாங்க. எப்படி நிறுத்தறது?

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது பள்ளிகளில் ஃபேப் லேப் நடத்திய பாலோ பிளிக்ஸ்டைன் இதற்கு ‘கீ செயின் நோய்’ என்றே பெயர் வைத்தார். சின்ன உழைப்பில் பளபளப்பான பொருள் கையில் வந்துவிடுவதால் பிள்ளை அங்கேயே தங்கிவிடும்.

மெஷினைத் தொடும் முதல் வாரம் நானும் கீ செயின் விடுகிறேன், கை பழகட்டும். பிறகு வேறு யாருக்காவது செய்யச் சொல்வேன், அதுவும் பள்ளி வளாகத்துக்குள் தேடிக் கண்டுபிடித்து. சத்துணவுக் கூடத்தில் எந்த டின்னில் உப்பு, எந்த டின்னில் சர்க்கரை என்று குழம்பிய ஆயாம்மாவுக்கு இரண்டு பையன்கள் லேபிள் செய்தார்கள். முதல் லேபிள் நீலத்தில் சுருள் எழுத்து. ஆயாம்மா பார்த்துவிட்டு, ‘அழகா இருக்குப்பா, ஆனா கண்ணாடி இல்லாம தெரியலையே’ என்றார். இரண்டாவதில் எழுத்து இரட்டிப்பாயிற்று. மூன்றாவதில் உப்புக்குச் சதுரம், சர்க்கரைக்கு வட்டம் என்று வடிவமே மாறியது. கீ செயினுக்கு இப்படி ஒரு ஆயாம்மா கிடையாது.

மார்க் எப்படிப் போடறது? அழகுக்கு மார்க் போட்டா எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க.

அழகுக்கு நான் போடுவதே இல்லை. 50 மதிப்பெண்ணில், முதல் வெட்டுக்கும் கடைசி வெட்டுக்கும் இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்கு 20. மேலே சொன்ன வாசல் சோதனைக்கு 15. ஃபைல் சுத்தமாக இருக்கிறதா, ஒரே கோடு இரண்டு முறை கிடக்கிறதா என்பதற்கு 10. உரித்து ஒட்டிய கைவேலைக்கு 5. தோற்ற முதல் வெட்டைக் கொண்டு வராதவருக்கு முதல் 20 கிடையாது. ஆயாம்மா லேபிள் பையன்கள் மூன்றையும் ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டிக் கொண்டுவந்தார்கள், அந்த 20க்கு 18 போட்டேன்.

ஏஐகிட்ட லோகோ கேட்டு வாங்கிட்டு வந்து நிக்கிறான். அனுமதிக்கலாமா?

வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், தடுக்க வேண்டாம். பெரும்பாலும் வருவது பிக்சல் படம், போட்டோஷாப் கேள்வியில் சொன்ன அதே சிக்கல். ட்ரேஸ் செய்தால், அதாவது மென்பொருளையே விளிம்பை ஒட்டிக் கோடு போட விட்டால், வழி கிடைக்கும்தான், ஆனால் எப்படிப்பட்ட வழி? கையால் வரைந்த வட்டத்துக்கு நான்கு நோடு (கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளி) போதும். ட்ரேஸ் செய்த வட்டத்தில் டஜன் கணக்கில் இருக்கும், கத்தி ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போகும். விளிம்பு எலி கடித்த மாதிரி வரும். அதைத் திருத்தி, நோடுகளைக் குறைத்து, விழுகிற துண்டுகளுக்குப் பாலம் போட்டு முடிப்பதற்குள் அவன் அந்த லோகோவை முழுக்க மறுபடி வரைந்திருப்பான். அப்புறம் அது அவனுடையதுதான் என்று எடுத்துக்கொள்வேன்.

நடிகர் படம், கட்சிக் கொடி, நம்பர் பிளேட் எல்லாம் கேக்கறாங்க. எதை மறுக்கறது?

நடிகர் படம் வீட்டுச் சுவருக்கு என்றால் கண்டுகொள்ள மாட்டேன், விற்க என்றால் முடியாது. நம்பர் பிளேட், அசோகத் தூண் சின்னம் இரண்டுக்கும் சட்டம் இருக்கிறது, பேச்சே இல்லை. ஃபான்டுக்கும் உரிமம் உண்டு என்பதை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன். நோட்டோ, கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற திறந்த உரிமத் தமிழ் ஃபான்ட்கள் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன.

கஷ்டமானது சாதிப் பெயர். நேராகப் பெயரைக் கேட்க மாட்டார்கள். இரண்டு நிறத்தில் ஒரு பட்டை, ஒரு வாள், ஒரு புலி என்று வரும். சாதியைக் காட்டக் கையில் கட்டும் நிறக் கயிறு பற்றி, பள்ளிகளில் சாதிப் பிரச்சினையை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே பேச்சு இருக்கிறது. நிறமும் வடிவமும் எவ்வளவு பேசும் என்று நான்தான் வகுப்பில் கற்றுத் தருகிறேன், அதனால் தெரியாத மாதிரி இருக்க எனக்கு உரிமை இல்லை. வெட்டித் தர மாட்டேன் என்று சொல்லி, ஏன் என்பதையும் தனியாக உட்கார வைத்துச் சொல்வேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவன் அதோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

பிளஸ் டூ வர்ற பொண்ணு டீச்சர். இதனால மார்க் வருமா, காலேஜ் சீட் வருமா?

பொதுத் தேர்வில் ஒரு மார்க்கும் வராது. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி (NID), ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் இரண்டின் நுழைவுத் தேர்விலும் கொடுத்த பொருளை வைத்துக் கையால் ஒன்றைச் செய்துகாட்டும் கட்டம் உண்டு, அதற்கு இந்தப் பழக்கம் உதவும். 1850ல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணத்தில் உள்ளதும் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த செலவில் படிக்கும் இடங்கள், பலருக்குத் தெரிவதே இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளை டிசம்பரோடு நானே அனுப்பிவிடுவேன், மே மாதம் வரட்டும்.

தப்பா வெட்டினதை எல்லாம் என்ன பண்றீங்க?

எம்டிஎஃப் துண்டுகள் அடுத்தவருக்கு வெள்ளோட்டம் பார்க்க. ஸ்டிக்கர் மிச்சம் அளவுக்கேற்ப மூன்று டப்பாவில். தேன்கூட்டுத் தட்டுக்கு அடியில் விழுந்த புள்ளிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. போன மாதம் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் எண்ணல் பாடத்துக்கு வேண்டும் என்று ஒரு கை அள்ளிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.